உப்புத் தண்ணீரில் வேகாத பருப்பு

மகனுக்கு அம்மாவின் ஸலாம். நலம் விசாரிப்பதையெல்லாம் போனிலேயே முடித்துவிட்டோம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை நீ இரண்டு காரியம் பேசினாய். ஒன்று, "நஸீமா ஏம்மா என் போன எடுக்க மாட்டேங்குறா? நீங்க ஏதும் கேள்விப்பட்டியளா?" என்று கேட்டாய். இன்னொன்று, "எங்க கல்யாணம் முடிஞ்சு நான் கெளம்புறதுக்குள்ள அத்தாவுக்கு வைக்கிற சூப்ப மட்டும் அவளுக்கு நல்லாக் கத்துக் குடுத்துருங்க" என்றாய். நான் "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் நீளமாகப் பேச என்னால் ஆகாது. நான் வாயைத் திறந்ததும் உன் அத்தா கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டுவார், நான் ஓட வேண்டும், அதற்குள் உன் போன் கார்டு தீர்ந்துவிடும். எழுதினால் பாதியில் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து அதே வரியில் உட்காரலாம். இந்தக் கடிதத்தில் எழுத்து அங்கங்கே மாறியிருந்தால் அதுதான் காரணம். முதலில் சூப்பைச் சொல்கிறேன். நஸீமா போனை எடுக்காததற்கான காரணமும் அந்தச் சட்டியை ஒட்டித்தான் இருக்கிறது.

பட்டாணிப் பருப்பு வாங்கு. பச்சைப் பட்டாணி இல்லை, காய்ந்த மஞ்சள் பட்டாணியைத் தோல் நீக்கி இரண்டாக உடைத்தது. நீ இருக்கிற சார்ஜாவில் அது எந்தக் கடையிலும் கிடைக்கும். இங்கே தொண்டியில் வடை போடுகிற டீக்கடைக்காரர்கள்தான் அதை வாங்குவார்கள். பக்கத்து வீட்டு பல்கீஸிடம் சொல்லி வாங்கிவரச் சொன்னால், மளிகைக் கடைக்காரர் இன்றைக்கும் "என்ன, அந்த அம்மா டீக்கடை போட்டுட்டாகளா?" என்று கேட்கிறாராம். ஒரு டம்ளர் பருப்பை நன்றாகக் களைந்து ஊறப் போடு. ஊறாவிட்டாலும் வேகும், ஊறினால் கேஸ் மிச்சம். ஆட்டு எலும்பு நாலு துண்டு போதும். கொழுப்பை வழித்து எறிந்துவிடு. உன் அத்தாவுக்கு அது ஆகாது. உனக்கும் இந்த வயதிலேயே தொப்பை விழுந்திருப்பதைப் போட்டோவில் பார்த்தேன். எலும்பை முதலில் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பருப்போடு சேர்த்து அடுப்பில் ஏற்று. சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு ஏழெட்டுப் பல், ஒரு காரட், கொஞ்சம் இஞ்சி, ஒரு பிரிஞ்சி இலை, மல்லித்தழையின் தண்டு. தழையை வைத்துக்கொண்டு தண்டை எறிகிறவர்களுக்கு இந்தச் சூப் வராது, மணம் தண்டில்தான் இருக்கிறது. பொங்கி வருகிற நுரையை எடுத்துவிட்டுத் தீயைக் குறை. உப்புப் போடாதே. எலுமிச்சை, தக்காளி, எந்தப் புளிப்பும் கிட்டே வரக்கூடாது. அதெல்லாம் பருப்பு கரைந்த பிறகு. முன்னால் போட்டால் பருப்பு வீம்பு பிடித்து உட்கார்ந்துகொள்ளும்.

இது நம் ஊர்ச் சமையல் இல்லை என்பது உனக்கே தெரியும். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே உன் அத்தா பம்பாய் போய், அங்கிருந்து சவூதியில் இருக்கிற தம்மாமுக்கு பிளேன் ஏறிவிட்டார். ஒரு கம்பெனி கேம்ப் மெஸ்ஸில் வெங்காயம் உரிக்கிற வேலை. அங்கே வெள்ளைக்கார இஞ்சினியர்களுக்குத் தனிச் சமையல் நடக்கும். குளிர்காலம் வந்தால் அவர்கள் இந்தப் பருப்புச் சூப்பைத்தான் கேட்பார்களாம். அவர்கள் ஊரில் அதில் நமக்கு ஆகாத இறைச்சியைப் போடுவார்களாம். அந்த நாட்டில் அதற்கு வழியில்லாததால் ஆட்டெலும்பு. மிஞ்சியதை உன் அத்தா குடித்துப் பார்த்திருக்கிறார். பாலைவனத்துக் குளிரில் போர்வைக்குள் உட்கார்ந்து அதைக் குடித்ததும், வீட்டில் யாரோ தனக்காக வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது என்று பின்னால் ஒரு முறை சொன்னார். வீட்டிலே அப்படி ஒன்றை யாரும் வைத்ததே இல்லை. அவர் மனசுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு போன் கிடையாது. அரபு நாட்டுக்குப் போனவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். கேசட் வந்த அன்று ஹாலின் நடுவில் டேப் ரிக்கார்டரை வைத்து வீடே சுற்றி உட்காரும். என் மாமியார் டேப்புக்குப் பக்கத்தில், கொழுந்தன்மாரும் நாத்தனாரும் சுற்றிலும், நான் அடுப்படி நிலையில் கதவோடு கதவாக. அவர் குரல் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி விசாரித்துக்கொண்டே வரும். என் முறை வந்ததும் குரல் நின்றுவிடும், டேப் மட்டும் உஸ்ஸென்று ஓடும். இத்தனை பேர் காதுபடப் புதுப் பெண்டாட்டியிடம் ஒரு மனுஷன் என்னதான் பேசுவார்? ஒரு கேசட்டில் அந்த உஸ்ஸுக்குப் பிறகு இந்தச் சூப் வந்தது. "அங்கன பட்டாணிப் பருப்பு கெடைக்கும்ல, அத வாங்கிக் களைஞ்சுக்க" என்று ஆரம்பித்து, எலும்பு, வெங்காயம், தீ எவ்வளவு, மத்தால் எப்போது மசிப்பது என்று டேப்பின் ஒரு பக்கம் முடிகிறவரை பேசினார். கடைசியில் "நான் வாரப்ப ஒன் கையால வச்சுத் தரணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணனுக்குப் பொண்டாட்டிட்டப் பேச வேற ஒண்ணுமே கெடைக்கலியா?" என்று நாத்தனார் கேட்டாள். எனக்கு மட்டும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். நம் வீட்டுக் கிணறு வாயில் வைக்க முடியாத உப்பு, நீ அதில் குளித்து வளர்ந்தவன். அந்தத் தண்ணீரில் பருப்பு பொழுதெல்லாம் கொதித்தாலும் நடுவில் கல்லாகத்தான் நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் ஊருக்கு வெளியே இருக்கிற ஊருணியிலிருந்து பாக்கியம் என்கிற பெண் குடத்தில் சுமந்து வந்து, கொல்லைக் கதவு வழியாகத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போவாள். அந்தத் தொட்டி என் மாமியாரின் ஆட்சியில் இருந்தது. அவரைக் கேட்காமல் ஒரு சொம்பு மொள்ள முடியாது. அவரைக் குறை சொல்லவில்லை. மழை பொய்த்த வருஷங்களில் பொத்திப் பொத்தி வைத்துத்தான் அவர் அந்தக் குடும்பத்தைக் கரையேற்றினார். ஆனால் வெகுநேரம் கொதித்து வற்றுகிற சூப்புக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று நான் போய் நின்றபோது, "தொண்ட நனைக்கத் தண்ணி இல்லாத ஊருல வெள்ளக்காரன் கஞ்சிக்கு ஒரு கொடமா? அவன் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். நானே போய் மொண்டு வரலாம் என்றால், நம் வீட்டுப் பெண்கள் குடத்தோடு தெருவில் இறங்குகிற வழக்கம் அன்றைக்கு இல்லை. இறங்காமல் இருப்பதுதான் வீட்டுக்கு மானம். ஊருணி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

சூப் வைக்காமலேயே பதில் கேசட்டில் என் முறை வந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாமியார் உட்பட. தண்ணீர் தரவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே அவர் மகனிடம் எப்படிச் சொல்வது? "சூப்பு வச்சேன். நல்லா வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். உன் அத்தா லீவில் வந்தது நல்ல கோடையில். ஊருணி சேறாகிக் கிடந்தது. பாக்கியம் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு அரைக் குடம், கால் குடமாகக் கொண்டுவந்தாள். அதுவும் அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு டீ போட்டே தீர்ந்தது. "இன்னைக்கு அந்தச் சூப்ப வையி" என்று அவர் ஆசையாகச் சொன்ன அன்று தொட்டியில் தரை தெரிந்தது. "கெணத்துத் தண்ணியில வையி, எலும்பு போட்டா வெந்துரும்" என்றார் மாமியார். வேகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலையில் ஏற்றி, ஆப்ப சோடா போட்டு, விறகு மாற்றி மாற்றி எரித்தேன். மேலெல்லாம் கொழகொழவென்று ஆனதே தவிர உள்ளே கல் கல்லாகவே இருந்தது. முதல் வாயிலேயே அவர் பல்லில் கடிபட்ட சத்தம் அடுப்படிவரை கேட்டது. "நல்லா வந்துச்சுன்னு கேசட்ல சொன்ன?" என்றார். சுற்றிலும் ஆட்கள். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லீவு முடியப்போகிற சமயத்தில் "நான் வச்சுக் காட்டுறேன் பாரு" என்று அவரே இறங்கினார். என் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் நாளே கொல்லைக் கதவில் நின்று, "பாக்கியம், நாளைக்கு எம்மகன் சமைக்கிறான், எங்கன போயாவது ஒரு கொடம் சேத்துக் கொண்டா" என்று சொல்லி வைத்தார். குடம் நிறைய வந்தது. அதே அடுப்பு, அதே பருப்பு, அதே கசாப்புக் கடை எலும்பு. பருப்பு வெண்ணெயாகக் கரைந்தது. வந்தவர்கள் எல்லாரும் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, "என்ன இருந்தாலும் ஆம்பள கைப்பக்குவம் வருமா?" என்றார்கள். காலிக் குடத்தை எடுக்க வந்த பாக்கியம் என்னிடம் மெதுவாக, "தண்ணியாலதான்னு சொல்ல வேண்டியதுதானக்கா?" என்றாள். "யார்ட்ட சொல்ல?" என்றேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்றைக்கு ஒட்டிய பேர் இன்றைக்கும் போகவில்லை. பிறகு தண்ணீர் வண்டி வந்தது, குழாய் வந்தது, என் சூப்பும் அவர் சூப்பும் ஒரே சூப்தான் என்று ஆன பிறகும், "நீங்க வச்சா அத்தா வச்ச மாதிரி இல்லம்மா" என்று நீயே சொல்லியிருக்கிறாய். சின்னப் பிள்ளை, ஊர் சொன்னதைச் சொன்னாய். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இந்தப் பழங்கதையை இப்போது எதற்கு இழுக்கிறேன் என்று நினைப்பாய். எனக்கு வருத்தம் சூப்பைப் பற்றி இல்லை. சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்ல அந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் இல்லை. ஹாலில் சொன்னால் மாமியாருக்கு அவமானம், அறைக்குள் சொன்னால் தாயையும் மகனையும் பிரிக்க வந்தவள், கேசட்டில் சொன்னால் ஊருக்கே தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அந்தச் சுவர்களுக்குள் இருக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். பழகிவிட்டால் வலிக்காது என்று சொல்வார்கள். அது பொய், வலிக்கிறது.

இப்போது இருக்கிற இருப்பும் உனக்குத் தெரிய வேண்டும். போனில் "அத்தா நல்லாருக்காகளா?" என்று நீ கேட்பாய், "இருக்காக" என்பேன், அதோடு முடிந்துவிடும். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து அவருக்குத் தண்ணீராக எது கொடுத்தாலும் புரையேறுகிறது. கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று ராமநாதபுரத்து டாக்டர் சொன்னார். இட்லியைக் கரைத்துக் கொடுத்தால் துப்புகிறார், கஞ்சி கொடுத்தால் முகத்தைத் திருப்புகிறார், இந்தச் சூப் ஒன்றைத்தான் வாய் திறந்து வாங்குகிறார். பருப்பில் சத்து இருக்கிறது, எலும்பில் தெம்பு இருக்கிறது, அதனால் நானும் விடாமல் வைக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு நான் போன அன்று பாவம், பல்கீஸ் ஆசையாகக் கொஞ்சம் டீ கொடுத்துவிட்டாள். அது நெஞ்சுக்குள் போய், சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்தோம். அதிலிருந்து, பின்னால் சொல்லப்போகிற ஒரு நாளைத் தவிர, நான் வாசல் தாண்டவில்லை. கரண்டிச் சத்தம் கேட்கிற தூரம்தான் என் ஊர். கொல்லையில் துணி உலர்த்தும்போதும் ஒரு காது கட்டிலில் இருக்கும். கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம். காற்று மாறும்போது கருவாட்டு வாடை வந்தால்தான் கடல் அங்கேயே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன்.

ஊட்டுவதையும் எழுதிவிடுகிறேன், இதுவும் சமையலில் சேர்த்திதான். வெந்த பருப்பில் எலும்பையும் இலையையும் எடுத்துவிட்டு, மத்தால் நன்றாக மசித்து, சல்லடையில் வடிகட்டு. ஒரு திப்பிகூட இருக்கக்கூடாது. மிளகுத்தூள், துளி உப்பு, நாலு சொட்டு எலுமிச்சை. கரண்டியைச் சாய்த்தால் சொட்டக்கூடாது, மெதுவாக வழுக்கி விழ வேண்டும். ஆறினால் இறுகும், வெந்நீர் விட்டுத் தளர்த்து. அவரைச் சாய்த்துப் படுக்க வைத்துக் கொடுக்காதே. நேராக உட்கார வைத்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொள்ளச் சொல். சின்னக் கரண்டியில் பாதி, வாயின் இடது ஓரமாக. தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. பேச்சுக் கொடுக்காதே. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். இதையெல்லாம் செய்கிறபோது உன் டீ ஆறிப்போகும். அதை ஆறியே குடிக்கப் பழகிக்கொள்.

நஸீமாவை நிச்சயம் பேசி முடித்த பிறகு நீ என்னிடம் உன் ஏற்பாட்டைச் சொன்னாய். நீ லீவு முடிந்து போய்விடுவாய், அவள் இங்கே எனக்குத் துணையாக இருப்பாள் என்று. ஒளிக்காமல் சொல்கிறேன், அன்று எனக்குச் சந்தோஷம். அவரைப் புரட்டிப் போட இன்னும் இரண்டு கை, கரண்டிச் சத்தத்துக்கு ஓட இன்னும் இரண்டு கால். பின்னறையை ஒழித்தேன். பரணிலிருந்து ஒரு சட்டியை இறக்கி, இது அவளுக்கு என்று தேய்த்து வைத்தேன். என் மாமியாருக்கு ஆட்சி செய்யத் தொட்டி கிடைத்த மாதிரி எனக்கு ஒரு மருமகள் கிடைக்கப் போகிறாள் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளும் அவள் அம்மாவும் அத்தாவைப் பார்க்க ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள், பை நிறையப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள். அத்தாவுக்குச் சாப்பாட்டு நேரம். நான் கிண்ணத்தைக் கலக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "குடுங்க மாமி, நான் குடுக்குறேன்" என்று வாங்கிக்கொண்டாள். கேட்டுக் கேட்டுச் செய்தாள். எந்தப் பக்கம், எவ்வளவு, விழுங்கிட்டாகளா என்று. அவரும் சமர்த்தாக வாங்கிக்கொண்டார். நான் கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அப்படி உட்கார்ந்து எத்தனை காலமோ, எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிண்ணத்தைக் கழுவ வந்தவள் என் பக்கத்தில் நின்று, "மாமி, நாங்க போனதுக்குப் பெறகு ஒங்களுக்கு யாரு தொணை?" என்று கேட்டாள். எங்கே போகிறீர்கள் என்றேன். "சார்ஜாவுக்குத்தான் மாமி. எனக்கு விசாவுக்கு எழுதிக் குடுத்துட்டாகளாம்ல. அங்கனயும் பள்ளிக்கூட வேல கெடைக்கும்னு சொன்னாக. நான் இங்க இந்த வருசத்தோட நிக்கிறேன்னு சொல்லிட்டேன். ஒங்களுக்கு ஆள் வச்சுருவேன்னாக, ஆனா எனக்கு மனசு கேக்கல." எனக்கு ஒன்று சொல்லியிருக்கிறாய், அவளுக்கு ஒன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நீ அங்கே நிம்மதியாக இருக்கிறாய். கல்யாணம் முடிந்துவிட்டால் அவள் எங்கே போவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் முகத்தைப் பார்க்காமல் "ம்" என்றேன். அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகுதான் உறைத்தது, அன்று கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றவளேதான் இன்றும் நின்றிருக்கிறாள் என்று.

சொன்னால் கல்யாணம் நிற்கலாம். நீ என்னை மன்னிக்காமல் போகலாம். எனக்கு வரவிருந்த இரண்டு கையும் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் வேலையையும் விட்டுவிட்டு, பெட்டியோடு வந்து இந்தக் கட்டில் பக்கத்தில் நிற்பாள். மறுநாள் மதியம் உன் அத்தாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். உன் சமாச்சாரம் மட்டுமில்லை, தண்ணீர் சமாச்சாரமும். "நல்லா வந்துச்சுன்னு நான் சொன்னது பொய்யிங்க. அன்னைக்கு வேகாம போனது தண்ணியாலதான். யாரும் எனக்கு ஒரு கொடம் தரல" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். கரண்டியை நீட்டினேன், திறக்கவில்லை. நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணிலிருந்து வழிந்தது. வார்த்தை தேடித் தேடி, "அந்தப் புள்ளட்ட... சொல்லிரு" என்றார். பிறகு "போ" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் போ என்று அனுப்பியது அதுதான் முதல் தடவை.

பல்கீஸை உட்கார வைத்து, கெட்டியாக வைத்த சூப்பை பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்து, பத்து தரம் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் காதில் கரண்டிச் சத்தம்தான். மழை பெய்து அந்த ஊர்ப் பெரிய கண்மாய் நிரம்பிக் கிடந்தது. பஸ் போகப் போகத் தண்ணீர் கூடவே வந்தது, அத்தனையும் நல்ல தண்ணீர். ஒரு குடத்துக்கு நான் நின்ற நிற்பு ஞாபகம் வந்து சிரிப்பும் ஆத்திரமுமாக வந்தது. நஸீமா வீட்டில் போய் உட்கார்ந்து, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், உள்ளதைச் சொன்னேன். அவள் அம்மா கொதித்துவிட்டார். "பேசி முடிச்ச எடத்துல வந்து இப்படிக் குண்டத் தூக்கிப் போடுறியளே, நாங்க நாளைக்கு ஊருக்கு என்ன பதில் சொல்ல?" என்றார். நஸீமா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அவுக சொல்லச் சொன்னாகளா, நீங்களா வந்தியளா மாமி?" என்று கேட்டாள். நானாகத்தான் வந்தேன் என்றேன். "மாமாவ இப்ப யாரு பாக்குறா?" என்றாள். பல்கீஸ் என்றேன். "கெட்டியாத்தான குடுப்பாக?" என்றாள். உனக்கு அந்த மாதிரி ஒரு பெண் வாய்த்திருந்தாள் மகனே, அவளிடமா நீ இப்படிச் செய்தாய்?

பஸ் ஸ்டாப்புவரை வந்து என்னை ஏற்றிவிட்டாள். அங்கே நின்றுகொண்டு அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "கல்யாணம் வேணாம்னு நான் சொல்லல மாமி. வேணும்னும் சொல்லல. வேலைய விடல, அத மட்டும் நாளைக்கே ஸ்கூல்ல சொல்லிருவேன். அவுக கல்யாணத்துக்கு முன்னாடி வரட்டும். வந்து கொஞ்ச நாளு அவுகளே சூப்பு வச்சு, அவுகளே மாமாவுக்கு ஊட்டட்டும். அதுக்குப் பெறகு, ஒன்னைய இங்கன விட்டுட்டுப் போறேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் நான் போன எடுக்க மாட்டேன்." இதுதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில். இனி அவள் தம்பிக்கும் தாய்மாமாவுக்கும் போன் போட்டுத் தூது விடாதே.

எனக்குத் துணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். கை வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, சில நாள் கரண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்திருக்கக்கூடாது என்று தோன்றுகிறது, பிறகு எழுந்துவிடுகிறேன். ஆள் வைக்கிறேன் என்று அவளிடம் சொன்னாயே, அதையாவது உண்மையாக்கு. உன் அத்தா எனக்கு விதித்த மனுஷன், அவரை நான் விடமாட்டேன். ஆனால் எனக்குப் பூட்டிய கதவின் சாவியை இன்னொரு பெண் கையில் கொடுத்து, அவளையே உள்ளே தள்ளிப் பூட்டச் சொல்லாதே. அந்தச் சட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றவில்லை. உனக்காகக் கீழேயே வைத்திருக்கிறேன்.

நீ வா. அடுப்பு உன்னுடையது. நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்க மாட்டேன், கரண்டிச் சத்தம் கேட்டாலும் வரமாட்டேன். நீ சூப் வைக்கிற அன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன், இருட்டியதும் வருவேன். இப்போதெல்லாம் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. வராத நாளை நினைத்து, முதல் நாளே குடம் நிறையப் பிடித்து மூடி வைத்துவிட்டுப் போவேன். உனக்கு அந்தக் குறை இருக்காது, பருப்பு நன்றாகவே கரையும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, அத்தாவின் கைப்பக்குவம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது என்று சொல்வார்கள். அப்போது அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது உனக்குத் தெரியும்.

உன் அம்மா